5 வயசுப் பிள்ளைக்கு பேஸ்பால் கதை: தமிழ்ல எப்படிச் சொல்றீங்க?

எடிசன்_அப்பா · ஏப்ரல் 16, இரவு 10:40

வணக்கம்ங்க. நேத்து ராத்திரி டிவியில மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. என் மக (5 வயசு, இந்த வருஷந்தான் டீ-பால்ல, அதாவது கம்பு மேல பந்தை வச்சு அடிக்கிற சின்னப் பிள்ளைங்க பேஸ்பால்ல சேர்த்தோம்) பக்கத்துல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுட்டிருந்தா. திடீர்னு, "அப்பா, இவங்ககிட்ட ஒரே சட்டைதான் இருக்குதா? மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்களா?"ன்னா. அப்பத்தான் நானும் பார்த்தேன். ரெண்டு டீம்லயும் அத்தனை பேர் முதுகுலயும் 42.

ஏப்ரல் 15 ஜாக்கி ராபின்சன் (அமெரிக்காவோட பெரிய லீக்ல நிறத்தடையை உடைச்ச ஆட்டக்காரர்) தினம்னு எனக்குத் தெரியும். "ரொம்ப நாளைக்கு முன்னால ஒருத்தர் இருந்தாரு சாமி, ரொம்ப நல்லவரு, அவரு நம்பர் 42"ன்னு ஆரம்பிச்சேன். "நம்ம தாத்தாகூட நல்லவரு. அவரு நம்பரை ஏன் யாரும் போடல?"ன்னு கேட்டா. அங்கயே மாட்டிக்கிட்டேன்.

எனக்கு என்ன பிரச்சினைன்னா, நான் கோயமுத்தூர்ல கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். இவளுக்குப் படுக்கும்போது கதை வேணும். எங்க வீட்டுல ராத்திரிக் கதை தமிழ்லதான்னு ஒரு வைராக்கியம். முயல், ஆமை, காக்கா, நரி எல்லாம் தீர்ந்துபோச்சு. இப்ப தினமும் "பேஸ்பால் கதை"தான். நூலகத்துல படப் புத்தகம் எடுத்துட்டு வந்து பார்த்துப் பார்த்துத் தமிழ்ல சொன்னா வாயில கல்லு மாட்டுன மாதிரி இருக்குது. "அவர் ரெண்டாவது பேஸைத் திருடினார்"னு சொன்னேன் (பேஸ்னா ஓடிப்போய் நிக்கிற இடம்; யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிடறதைத் திருடறதும்பாங்க). பக்கத்து ரூம்ல இருந்து எங்கம்மா, "யாருடா திருடுனது?"ன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க.

ஸ்ட்ரைக்குன்னா (பந்தை அடிக்கத் தவறினா ஒரு ஸ்ட்ரைக்) இன்னும் மோசம். எங்கப்பா மில்லுல இருந்தவரு. "மூணு ஸ்ட்ரைக் பண்ணா வெளியே அனுப்பிருவாங்க"ன்னு நான் சொன்னதுக்கு, "ஒண்ணு பண்ணாலே அனுப்பிருவான்"னு போன்ல சொல்றாரு.

நீங்கெல்லாம் என்ன கதை சொல்றீங்க? எப்படிச் சொல்றீங்க?

---

சும்மா_வந்தேன் · ஏப்ரல் 16, இரவு 10:58

திருடினா கைதட்டுற ஊருன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. நம்ம ஊர்ல ஓட்டுப் போடுவாங்க, இங்க கைதட்டுறாங்க, அவ்வளவுதான்.

---

இடதுகை_கோச் · ஏப்ரல் 17, காலை 6:15

டெக்சாஸ்ல நாலு வருஷமா டீ-பால் கோச் (சம்பளம் இல்லாத வேலை). திருட்டைப் பத்திப் பேசினதால அதுலயே தொடங்குறேன்.

ரிக்கி ஹென்டர்சன் கதையைச் சொல்லுங்க. மொத்தம் 1406 பேஸ் திருடினவர். 1982ல மட்டும் 130. அந்தக் கணக்கெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம். 1991 மே 1ஆம் தேதி அவர் அதுவரை இருந்த சாதனையை முறியடிச்ச அந்த ஒரு நிமிஷம் போதும். மூணாவது பேஸுக்குப் பாய்ஞ்சு விழுந்தார். எழுந்தார். அப்புறம் அந்த பேஸையே தரையிலருந்து பிடுங்கித் தலைக்கு மேல தூக்கிக் காட்டினார்! என் டீம்ல இதைச் சொன்னதும் ஒரு பொடியன் கண்ணை அகல விரிச்சு, "நிஜமாவே திருடிட்டாரா?"ன்னான். அடுத்த பிராக்டிஸ்ல ஒரு பேஸ்கூடத் தரையில இல்லை. ஆளுக்கு ஒண்ணைத் தூக்கிட்டு ஓடுதுங்க.

ஒரு எச்சரிக்கை. 2001ல ராண்டி ஜான்சன் எறிஞ்ச பந்து குறுக்கே பறந்த புறா மேல பட்ட சம்பவம் இருக்கே, அதை மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்னேன், என் பெரியவனுக்கு அப்ப 5 வயசு. "அப்புறம் புறா என்ன ஆச்சு?"ன்னு கேட்டான். நான் ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியிலேயே அவனுக்கு விளங்கிடுச்சு. ராத்திரி 1 மணி வரைக்கும் அழுகை. "புறாவோட அம்மாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுக் கேட்டு அழுதான்.

---

கதைப்பெட்டி · ஏப்ரல் 17, காலை 9:30

ஒஹாயோல ஒரு பொது நூலகத்துல, குழந்தைகள் பிரிவில் வேலை. சனிக்கிழமை கதை நேரம் என் பொறுப்பு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: இந்த வயசுல எண் மனசுல ஒட்டாது. பேப் ரூத்னு அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் 714 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார்னாலும் 14 அடிச்சார்னாலும் அதுங்களுக்கு ஒண்ணுதான். கையில பிடிச்சுப் பார்க்கிற பொருள் ஒட்டும்.

அதனால ஆளை விட்டுட்டுப் பந்துலருந்து தொடங்குங்க. ஒரு பேஸ்பாலை மடியில வச்சு, சிவப்புத் தையலை விரலால தடவச் சொல்லுங்க. மொத்தம் 108 இரட்டைத் தையல். மெஷின் கிடையாது, கையாலதான் தைக்கிறாங்க. பெரிய லீக் பந்துகள் கோஸ்டா ரிக்கா நாட்டுல துரியால்பான்னு ஒரு ஊர்ல தைக்கப்படுது. முதல் தையலும் கடைசித் தையலும் எங்கன்னு தெரியாத மாதிரி உள்ளே மறைச்சிடுவாங்க. அதைக் கண்டுபிடின்னு சொன்னீங்கன்னா பத்து நிமிஷம் நமக்கு ஓய்வு.

எடிசன்_அப்பா, நீங்க நியூ ஜெர்சி. உங்க ஊர்க் கதையே ஒண்ணு இருக்கு. புதுப் பந்து வழவழன்னு இருக்கும், பிட்சருக்கு (பந்தை எறியறவருக்கு) வழுக்கும். அதுக்காக முன்னெல்லாம் புகையிலைச் சாறு, ஷூ பாலிஷ், மைதானத்து மண்ணுன்னு எதையெதையோ பூசிப் பார்த்தாங்க. ஒண்ணும் சரிப்படலை. 1938 வாக்குல லீனா பிளாக்பர்ன்னு ஒரு கோச் (பேரைப் பார்த்துப் பெண்ணுன்னு நினைக்காதீங்க, ஆண்தான்) டெலவேர் ஆத்தோட சேர்ற ஒரு ஓடையில, நியூ ஜெர்சிப் பக்கம், ஒரு சேறு கண்டுபிடிச்சார். மாவு மாதிரி நைசான சேறு. பளபளப்பு போகும், பந்து கறுக்காது. இன்னிக்கும் பெரிய லீக்ல ஒவ்வொரு பந்துலயும் மேட்சுக்கு முன்னால அந்தச் சேத்தைத்தான் தடவுறாங்க. எந்த இடத்துல எடுக்கிறாங்கங்கிறது மட்டும் இன்னும் ரகசியம்.

ரகசியம், சேறு. 5 வயசுக்கு வேற என்ன வேணும்?

ராபின்சன் கதை பத்தி சாயங்காலம் எழுதறேன், டெஸ்க்ல கூட்டம்.

---

பாளை_வாத்தியார் · ஏப்ரல் 17, பகல் 1:05

அன்பர்களுக்கு வணக்கம். ஓய்வு பெற்ற தமிழாசிரியன். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். பேஸ்பால் எனக்குப் புதிது. பேரன் தயவில் கற்றுக்கொண்டேன்.

கதை சொல்லும் முன் பிள்ளைக்கு 'ம்' கொட்டச் சொல்லிக் கொடுத்தீர்களா? இங்கே பிறந்த பிள்ளைகள் கதை கேட்கும்போது வாயே திறப்பதில்லை. தூங்கிவிட்டானா விழித்திருக்கிறானா என்று இருட்டில் நமக்கு எப்படித் தெரியும்? 'ம்' இல்லாத கதை பாதிக் கதைதான்.

ஆட்டத்தை நான் என் பேரனுக்கு இப்படித்தான் சொன்னேன். ஒருவன் வீட்டில் நிற்கிறான். கையில் கட்டை. பந்தை அடித்தால் வீட்டை விட்டு ஓட வேண்டும். வழியில் மூன்று சத்திரம். சத்திரத்தில் கால் வைத்திருக்கும் வரை யாரும் பிடிக்க முடியாது. இரண்டு சத்திரத்துக்கு நடுவே அகப்பட்டால் போச்சு. மூன்றையும் தாண்டி வீடு வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். ஹோம் பிளேட்டை 'வீடு' என்று சொன்ன அன்றுதான் எனக்கே இந்த விளையாட்டு பிடித்தது.

சடஹரு ஓ என்று ஜப்பானில் ஒருவர் இருந்தாராமே! அவரைச் சொல்லுங்கள். பந்து வரும்போது முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்பார். மொத்தம் 868 ஹோம் ரன். 1962இல்தான் அந்த நிலைக்கு மாறினாராம். அரகாவா என்ற பயிற்சியாளர் கூரையிலிருந்து காகிதம் தொங்கவிட்டு, ஜப்பானிய வாளால் அதை வெட்டச் சொல்லிப் பழக்கினாராம். நான் பேரனிடம் சொன்னது: "ஓடுமீன் ஓட உறுமீன் வரும் வரை கொக்கு எப்படி நிற்கும்? காட்டு பார்ப்போம்." கொக்குக்கும் அவருக்கும் ஒரே வேலை. வருகிற பந்தை எல்லாம் அடிக்கக் கூடாது, தனக்கான பந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். பேரன் இப்போது பல் துலக்குவதுகூட ஒற்றைக் காலில்தான். மருமகளுக்கு என் மேல் கோபம்.

---

ஸ்கார்பரோ_மச்சாள் · ஏப்ரல் 17, மாலை 4:20

வாத்தியார் ஐயா சொன்ன சத்திரக் கதை நல்லா இருக்கு. நாங்கள் டொரோண்டோ. எங்களுக்கு விளங்கப்படுத்துறது லேசு, ஏனெண்டால் ஊரில எல்லே விளையாடினனாங்கள். வருசப் பிறப்புக்கு மூங்கில் தடியும் டென்னிஸ் பந்துமாக, மூண்டு பந்துக்குள்ள அடிக்க வேணும், அடிச்சிட்டுச் சுத்தி ஓட வேணும். ஓடுற ஆளுக்குப் பந்தால எறிஞ்சு படுத்தினால் அவுட். என்ர அம்மா முதல் நாள் பேஸ்பாலைப் பார்த்திட்டு, "இது எங்கட எல்லேதானே, ஏன் இவ்வளவு சாமான் போட்டுக்கொண்டு நிக்கினம்?" எண்டு கேட்டவ.

என்ர மகனுக்கு ஒரே ஒரு கதைதான் வேணும், ஒவ்வொரு இரவும் அதையேதான். 1993 ஒக்டோபர் 23, ஜோ கார்ட்டர். கடைசி இன்னிங்ஸ், எங்கட டொரோண்டோ டீம் ப்ளூ ஜேஸ் ஒரு ஓட்டம் பின்னால. அடிச்ச அடி வேலிக்கு அங்கால போய் விழுந்திட்டுது. கிண்ணம் எங்களுக்கு. ஆனால் மகனுக்குக் கிண்ணம் முக்கியமில்லை. "பந்து வெளியில போயிட்டுது, பிறகு ஏன் ஓட வேணும்?" கிரிக்கெட்டில சிக்ஸர் அடிச்சால் நிண்ட இடத்தில நிக்கலாம், இதில அப்பிடி இல்லை. ஹோம் ரன் அடிச்சாலும் எல்லா பேஸையும் மிதிச்சுக்கொண்டுதான் வீட்டுக்கு வரலாம். கார்ட்டர் துள்ளித் துள்ளி ஓடினவர், மிதிக்காமல் விட்டிடுவாரோ எண்டு பார்த்த சனத்துக்குப் பயம். இந்த இடம் வரேக்க மகன் கட்டிலில எழும்பி நிண்டு துள்ளத் தொடங்கிடுவான். நித்திரைக்குச் சரியான கதை இல்லை, சொல்லிப்போட்டன்.

---

கதைப்பெட்டி · ஏப்ரல் 17, மாலை 6:50

ராபின்சன் கதை. நான் சனிக்கிழமைகள்ல சொல்ற முறை இது:

"ஒரு காலத்துல பெரிய லீக்ல வெள்ளைத் தோல் இருக்கிறவங்க மட்டும்தான் ஆடலாம்னு வச்சிருந்தாங்க. புத்தகத்துல எழுதின சட்டம் இல்லை. டீம் வச்சிருந்தவங்க தங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டது. கறுப்பா இருக்கிறவங்க எவ்வளவு நல்லா ஆடினாலும் வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவங்க தனியா லீக் வச்சு ஆடினாங்க. 1947 ஏப்ரல் 15, நியூயார்க்ல புரூக்ளின்ங்கிற இடத்துல, ஜாக்கி ராபின்சன் 42ன்னு எழுதின சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ளே போனார்."

"முதல் நாள் என்ன ஆச்சு?"ன்னு கேட்டு நிறுத்துவேன். எல்லாக் குழந்தையும் "ஹோம் ரன்!"னு கத்தும். இல்லை. அன்னிக்கு அவருக்கு ஒரு ஹிட்டும் (நல்லா அடிச்சு பேஸுக்குப் போறது) கிடைக்கலை. ஆனா எதிர் டீம்காரங்க பந்தைச் சரியா எறியாம தடுமாறினப்ப பேஸுக்குப் போயிட்டார். அங்கிருந்து ஓடி வீடு வந்து சேர்ந்தார். அவர் டீமும் ஜெயிச்சுது. டீ-பால் ஆடற பிள்ளைக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அதுங்களும் பாதி நேரம் அப்படித்தான் பேஸுக்குப் போகுதுங்க.

42ங்கிற எண்ணை 1997ல எல்லா டீமும் சேர்ந்து ஒதுக்கி வச்சாங்க, வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் போட்டுக்குவாங்க. நியூயார்க் பக்கம் இருக்கிறவங்க குவீன்ஸ்ல சிட்டி ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நுழைவு மண்டபமே ராபின்சன் பேர்லதான், அங்க ஆள் உயரத்துக்கு மேல நீல நிறத்துல பெரிய 42 நிக்கும். அது பக்கத்துல நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தா, கதையில பாதி சொன்ன மாதிரி.

---

கருப்புத்தேநீர் · ஏப்ரல் 17, இரவு 9:12

நல்லாத்தான் சொல்றீங்க. ஒண்ணு கேக்கணும். "அந்தக் காலத்துல அமெரிக்காவுல இப்படி இருந்தாங்க"ன்னு சொல்லும்போது நம்ம குரல்ல ஒரு நிம்மதி வருதே, அதைக் கவனிச்சிருக்கீங்களா? எங்க ஊர் டீக்கடையில தனி டம்ளர் இருந்ததை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். வெளியே ஒரு ஆணியில தொங்கும். குடிச்சவரே கழுவி வைக்கணும். ராபின்சனைச் சொல்ற வாயால அதையும் என்னிக்காவது சொல்லப் போறோமா? சும்மா கேக்கறேன்.

---

இடதுகை_கோச் · ஏப்ரல் 17, இரவு 9:40

5 வயசுக்கு அது வேண்டாமே சார். கதை கேட்டுத் தூங்கற நேரம்.

---

கருப்புத்தேநீர் · ஏப்ரல் 17, இரவு 9:44

ராபின்சனும் அதே தூங்கற நேரத்துக் கதைதான் சார்.

---

பாளை_வாத்தியார் · ஏப்ரல் 17, இரவு 10:30

அந்த ஆணியை நானும் பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டு பாடம் நடத்தியும் வகுப்பில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. கேள்வி எனக்கானதுதான். வாங்கிக்கொள்கிறேன்.

---

எடிசன்_அப்பா · ஏப்ரல் 19, இரவு 9:55

ரெண்டு நாளா வர முடியலைங்க. இதுவரை நடந்தது:

சேத்துக் கதை சொன்னேன். மறுநாள் காலையில பார்த்தா, கொல்லைப்புறத்துல ஒரு பக்கெட் தண்ணி, பூச்செடி மண்ணு, அவளோட ரெண்டு பந்து, எங்கம்மாவோட ஒரு தேங்காய், எல்லாத்துலயும் சேறு. "எங்க எடுத்தே?"ன்னு கேட்டேன். "ரகசியம்"னுட்டா.

108 தையலை எண்ணத் தொடங்கினா. 20க்கு மேல அவளுக்கு எண்ணவே வராது. எங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு தையலுக்கும் ஒரு "போற்றி" சொல்லிட்டே எண்ணிக் குடுத்தாங்க. பந்துக்கு அர்ச்சனை நடந்து முடிஞ்சுது.

ராபின்சன் கதைக்கு ரெண்டு கேள்வி வந்துச்சு. "அவர் கறுப்புன்னா, நாம?"ன்னு ஒண்ணு. அவ கையையும் என் கையையும் வச்சுப் பார்த்துட்டுக் கேட்டா. "நம்மளையும் அப்ப உள்ளே விட்டிருக்க மாட்டாங்க கண்ணு"ன்னேன். சரியா தப்பான்னு தெரியல.

ரெண்டாவது, "பொண்ணுங்களை விட்டாங்களா?"

---

ஸ்கார்பரோ_மச்சாள் · ஏப்ரல் 19, இரவு 10:20

விடேல்லை, பிள்ளை. உங்கட நியூ ஜெர்சியிலதான் அந்தச் சண்டையே நடந்தது! ஹோபோகன் எண்டு ஒரு ஊர். 1972இல மரியா பெப்பே எண்டு 12 வயசுப் பிள்ளை லிட்டில் லீக்கில (சின்னப் பிள்ளையளின்ர பேஸ்பால்) மூண்டு மேட்ச் பிட்ச் பண்ணினவ. பெட்டையை விட்டால் உங்கட ஊர் டீம்களுக்கு லீக்கில இடமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். அவ நிக்க வேண்டி வந்திட்டுது. வழக்குப் போய், 1974இல எல்லாப் பெட்டையளுக்கும் கதவு திறந்தது. ஆனால் அப்ப அவவுக்கு வயசு கடந்திட்டுது, திரும்ப ஆட முடியேல்லை. என்ர மகள் இதைக் கேட்டிட்டு, "அப்ப ஆருக்காகச் சண்டை பிடிச்சவ?" எண்டு கேட்டவள். "உனக்குத்தான்" எண்டன். நான் வேற ஒண்டும் சொல்லேல்லை.

பிறகு உடன மோனே டேவிஸைச் சொல்லிப்போடுங்கோ, இல்லாட்டி பிள்ளை அழுதுகொண்டு படுக்கும். 2014, பிலடெல்பியாப் பிள்ளை, 13 வயசு. லிட்டில் லீக் உலகப் போட்டியில எதிராளிக்கு ஒரு ஓட்டமும் குடுக்காமல் முழு மேட்சும் எறிஞ்சு வெண்டவ. அந்தப் போட்டியில ஒரு பெட்டை அப்பிடிச் செய்தது அதுதான் முதல் தடவை.

---

இடதுகை_கோச் · ஏப்ரல் 20, காலை 6:05

பொண்ணு கதைன்னா ஜாக்கி மிட்செல்லை விடலாமா? 1931 ஏப்ரல் 2, டென்னசியில சட்டனூகா. 17 வயசு. பிட்சர். கண்காட்சி மேட்ச்ல பேப் ரூத்தையும், அவரை மாதிரியே பெரிய ஆட்டக்காரர் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் பண்ணாங்க. ரூத் கோவத்துல பேட்டை வீசிட்டுப் போனார். பிள்ளைங்க கைதட்டிச் சிரிக்கும்.

அதோட ராபின்சன் கதையில ஒரு முக்கியமான இடத்தை யாரும் சொல்லலை. கூட்டம் திட்டிட்டிருக்கும்போது அவரோட டீம்காரர் பீ வீ ரீஸ் நடந்து வந்து அவர் தோள்ல கை போட்டார் இல்ல? சிலையே இருக்கு, கோனி ஐலண்ட் மைதானத்து வாசல்ல. இந்த வயசுக்கு அதுதான் கதையே!

---

கதைப்பெட்டி · ஏப்ரல் 20, காலை 9:15

வேணும்னேதான் விட்டேன். சிலை உண்மை, 2005ல வச்சாங்க. ஆனா அந்தச் சம்பவம் எங்க, எப்ப நடந்துதுன்னு கேட்டுப் பாருங்க. 1947ல சின்சினாட்டின்னு சிலர், 1948ல பாஸ்டன்னு சிலர். அவ்வளவு பெரிய விஷயம் நடந்திருந்தா மறுநாள் பேப்பர்ல வந்திருக்கணும் இல்லையா? வரலை. ரெண்டு பேரும் நல்ல நண்பர்கள், ரீஸ் அவர் பக்கம் நின்னவர், அதுல சந்தேகமே இல்லை. அந்த ஒரு காட்சிதான் கேள்வி.

மிட்செல் அவுட் பண்ணது உண்மை. ஆனா டீம் முதலாளி கூட்டம் சேர்க்கிறதுல பெரிய ஆள், மேட்ச் முதல்ல ஏப்ரல் 1க்கு வச்சிருந்தது, மழையால ஒரு நாள் தள்ளிப்போச்சு. ரூத் வேணும்னு விட்டுக்கொடுத்தாரான்னு இன்னும் வாதம் ஓடுது. வில்லியம் ஹோய்னு காது கேட்காத ஆட்டக்காரர், அவருக்காகத்தான் அம்பயர்கள் கையால சைகை காட்ட ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கதை. அதுவும் அப்படித்தான்.

நூலகத்துல உக்காந்துக்கிட்டு, தெரிஞ்சே பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது.

---

இடதுகை_கோச் · ஏப்ரல் 20, பகல் 12:10

காக்கா வடையைத் தூக்கிட்டுப் போனதுக்கு பேப்பர்ல ஆதாரம் இருக்கா மேடம்?

---

கதைப்பெட்டி · ஏப்ரல் 20, பகல் 12:31

காக்காவுக்கு யாரும் சிலை வச்சு வரலாறுன்னு சொல்லலையே.

---

பாளை_வாத்தியார் · ஏப்ரல் 20, பகல் 2:45

இருவருமே சற்றுப் பொறுங்கள். இந்தச் சண்டைக்குத் தமிழில் ஓர் உயிரும் ஒரு மெய்யும் போதும். 'ஆம்'.

"வந்தார்" என்றால் சொல்கிறவன் பொறுப்பு. "வந்தாராம்" என்றால் நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்று பொருள். பொய் சொன்ன பாவமும் இல்லை, கதை கெட்ட நட்டமும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ராபின்சன் 1947இல் ஆடினார். கூட்டம் திட்டியது. ரீஸ் வந்து தோளில் கை போட்டாராம். 1932இல் சிகாகோவில் பேப் ரூத் 'அங்கே அடிக்கப் போகிறேன்' என்று கை நீட்டிக் காட்டினாராம். பிறகு ஹோம் ரன் அடித்தார் (இதில் 'ஆம்' இல்லை, கவனிக்க). மிட்செல் ரூத்தை வீழ்த்தினாள். அவர் வேண்டுமென்றே விட்டாராம்.

---

கதைப்பெட்டி · ஏப்ரல் 20, பகல் 3:02

ஐயா. இத்தனை வருஷமா இங்கிலீஷ்ல கதை சொல்லும்போது "சிலர் சொல்கிறார்கள்"னு ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு வால் ஒட்டிக்கிட்டிருந்தேன். வாலைப் பின்னால ஒட்டணும்னு தோணவே இல்லை.

---

கருப்புத்தேநீர் · ஏப்ரல் 20, பகல் 3:20

எனக்கு ஒரு சந்தேகம். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்"னு எல்லாக் கதையும் 'ஆம்'லயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது 'கதை'ங்கிற சத்தம்தான். 'நிச்சயமில்லை'ன்னு எப்படிப் புரியும்?

---

பாளை_வாத்தியார் · ஏப்ரல் 20, பகல் 3:41

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் 'ஆம்' போட்டுச் சொன்னால் புரியாதுதான். ஒரே கதையில் இரண்டும் மாறி மாறி வந்தால் காது பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். பேரனிடம் இன்று சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

---

சும்மா_வந்தேன் · ஏப்ரல் 20, மாலை 5:00

பெரியவங்க சண்டை முடிஞ்சுதுன்னா ஆதாரத்தோட ரெண்டு கதை. வீடியோவே இருக்கு.

2024 ஆகஸ்ட், டாட்ஜர்ஸ் மைதானம். மேட்சுக்கு முன்னால மரியாதைக்காகப் போடற முதல் பந்தைப் போட வந்தது ஜப்பான் ஆட்டக்காரர் ஓட்டானியோட நாய் டெக்காய். பிட்சர் மேட்டுல வச்ச பந்தை வாயில கவ்விக்கிட்டு நேரா ஓட்டானிகிட்ட ஓடுச்சு. அன்னிக்கு ராத்திரி அவர் ஹோம் ரன் வேற அடிச்சார். 'ஆம்' தேவையில்லை.

2011 அக்டோபர், செயின்ட் லூயிஸ். பிட்சர் பந்து எறியறார், ஒரு அணில் ஹோம் பிளேட் மேல குறுக்கே ஓடுது. அந்த வருஷம் அந்த டீம்தான் கோப்பை ஜெயிச்சுது. ஜெயிச்சவங்களுக்குப் போட்ட மோதிரத்துல அணிலையும் செதுக்கிட்டாங்க. என் பையன் படத்தைப் பார்த்துட்டு, "முதுகுல மூணு கோடு இல்லையே, அப்ப இது ராமருக்கு ஹெல்ப் பண்ணலையா?"ன்னான். அமெரிக்க அணில், வேற டீம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

---

பாளை_வாத்தியார் · ஏப்ரல் 21, காலை 7:30

சோதனை முடிவு. சாட்சல் பெய்ஜ் என்ற பிட்சரின் கதையைச் சொன்னேன். என் வயதுக்காரனுக்கு மிகவும் பிடித்த கதை. 1965இல் அவருக்கு 59 வயது. கான்சாஸ் சிட்டியில் ஒரு மேட்சுக்குக் கூப்பிட்டார்கள். மைதானத்து ஓரம் ஆடும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணிக்கு ஒரு ஓட்டமும் இல்லை. கிடைத்தது ஒரே ஒரு ஹிட்.

இத்தனையும் 'ஆம்' இல்லாமல் சொன்னேன். கடைசியில் வேண்டுமென்றே, "வீட்டுக்குப் போய் மூன்று நாள் தூங்கினாராம்" என்று சேர்த்தேன். பேரன் 'ம்' கொட்டுவதை நிறுத்திவிட்டு, "அது மட்டும் யார் சொன்னா தாத்தா?" என்றான்.

---

எடிசன்_அப்பா · ஏப்ரல் 26, பகல் 1:15

நேத்து ராத்திரி ஜிம் அபாட் கதை சொன்னேன்ங்க, வேற ஒரு நண்பர் சொல்லிக்கொடுத்தது. பிறவியிலேயே வலது கை மணிக்கட்டோட நின்னுபோனவரு. 1993ல நியூயார்க் யாங்கீஸ் டீமுக்காக ஒரு மேட்ச் முழுக்க எதிராளிக்கு ஒரு ஹிட்கூடக் குடுக்காம எறிஞ்சாரு. க்ளவுஸை வலது முன்கை முனையில சாய்ச்சு வச்சிருப்பாரு. இடது கையால எறிஞ்ச நொடியே அந்தக் கையை க்ளவுஸுக்குள்ள நுழைச்சிருவாரு. பந்தைப் பிடிச்சதும் க்ளவுஸை மார்போட அணைச்சு, கையை உருவி, பந்தை எடுத்து எறிவாரு. சின்ன வயசுல செங்கல் சுவத்துல பந்தை எறிஞ்சு எறிஞ்சு பழகினது. எம்மக ராத்திரி 9 மணிக்கு க்ளவுஸை எடுத்துட்டு வந்து அதே மாதிரி செஞ்சு பார்த்தா, இருபது முப்பது தடவை. "கஷ்டம்பா"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கிட்டா.

இன்னிக்குக் காலையில அவளுக்கு மேட்ச். டீ மேல இருந்த பந்தை நல்லா அடிச்சா. அடிச்சுட்டு நேரா மூணாவது பேஸுக்கு ஓடிட்டா. கோச், நாங்க, எதிர் டீம் பசங்க, எல்லாரும் "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"னு கத்துறோம். அவ மூணாவது பேஸ்ல நின்னு எங்களுக்குக் கை ஆட்டுறா.

வீட்டுக்கு வந்ததும் எங்கம்மாகிட்ட ஓடிப்போய்க் கதை சொன்னா: "அப்பத்தா, நான் பந்தை அடிச்சேன். ரொம்ப தூரம் போச்சு. வேகமா ஓடினேன். தப்பான பேஸுக்குப் போனேனாம்."

"போனியா, போனியாமா?"ன்னு எங்கம்மா கேட்டாங்க.

"கோச் சொன்னாரு"ன்னா.